எதுல முப்பது? விரிதாளும் நம் கைக்கணக்கும்



எஸ்பிஎம் கூடுதல் கணிதத்தில் நான் ஏ எடுத்தவன். இப்போது இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. நான் போட்ட ஒரு தப்புக் கணக்கைப் பற்றித்தான் இந்தப் பாடம். அந்தத் தப்பை எனக்குக் காட்டிக் கொடுத்தவர் பள்ளிக்கூடமே போகாத என் பாட்டி.

எங்கள் வீடு நெகிரி செம்பிலானில், ரந்தாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருக்கிறது. ரப்பர் போய் செம்பனை வந்து ரொம்ப காலமாகிவிட்டது. நீலாய், லாபு பக்கம் போனால் செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதிகள் வந்துவிட்டன. தோட்ட வேலையை மட்டும் நம்பி இனி பிழைக்க முடியாது என்று நம் ஆட்களில் பலர் சொந்தத் தொழிலில் இறங்கிவிட்டார்கள். ஒருவர் கேட்டரிங் செய்கிறார், ஒருவர் லோரி ஓட்டுகிறார், ஒருவர் சிரம்பானில் கைப்பேசிக் கடை வைத்திருக்கிறார். சமையல், வண்டி, வியாபாரம் எல்லாம் அவர்களுக்கு நன்றாகவே தெரியும். சறுக்குவது கணக்கில்தான்.

பக்கத்து லயத்து அக்காவும் அப்படித்தான். கைப்பக்குவம் பிரமாதம். போன வருடம் அவருக்கு முதல் பெரிய ஆர்டர் கிடைத்தது, 300 பேருக்குக் கல்யாண விருந்து. "தம்பி, நீதான் கம்ப்யூட்டர் படிச்ச புள்ள. ஆளுக்கு எவ்வளவு சொல்லலாம்னு போட்டுக் குடு. நூறு வெள்ளி பில்லு போட்டா முப்பது என் கையில நிக்கணும்" என்றார்.

எனக்கு 'முப்பது' மட்டும்தான் காதில் விழுந்தது. அரிசி, காய்கறி, கோழி, வாழை இலை எல்லாம் கூட்டியதில் அடக்கம் ஆளுக்கு 10 வெள்ளி வந்தது. அதன் மேல் 30 விழுக்காடு ஏற்றி 13 வெள்ளி என்று விரிதாளில் அழகாக வண்ணம் தீட்டிக் கொடுத்தேன். அந்தத் தாளை நம்பி அக்கா அதே விலையில், அதே அளவில் மேலும் இரண்டு விருந்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்.

முதல் விருந்து முடிந்தது. வசூல் 3,900 வெள்ளி, பொருள் செலவு 3,000, மிச்சம் 900. உதவிக்கு வந்த நாலு பேருக்கு 480, வேன் வாடகைக்கும் கேஸுக்கும் 250 போக 170 வெள்ளிதான் நின்றது. அக்காவும் அவர் அம்மாவும் இரண்டு ராத்திரி கண் விழித்ததற்குக் கிடைத்த கூலி அவ்வளவுதான்.

அன்று மாலை பாட்டி வீட்டு ஐந்தடியில் உட்கார்ந்து அக்கா பில்லுகளை விரித்தார். பாட்டி கேட்டார்: "நூறு வெள்ளி வித்தா முப்பது நிக்கணும்னா, அடக்கம் எழுபதுதானே? அப்ப நூத்தி முப்பதுக்கு அடக்கம் தொண்ணூறு சொச்சம்தானே வரணும்? நீங்க நூறு போட்டிருக்கீங்களே! எதுல முப்பது பார்த்த, அய்யா?"

எனக்கு வாயே வரவில்லை.

பாட்டி எங்கே கற்றார்?

பாட்டி பால் வெட்டியவர். ரப்பர் பால் முழுவதும் ரப்பர் அல்ல, அதில் பெரும்பகுதி தண்ணீர். பாலை நிறுத்து, மெட்ரோலாக் என்ற கண்ணாடி மிதவையை விட்டோ மாதிரி எடுத்துக் காயவைத்தோ, காய்ந்த ரப்பர் எத்தனை விழுக்காடு என்று ஸ்டோரில் பார்ப்பார்கள். சாதாரணமாக மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட வரும். 28 கிலோ பால், 33 விழுக்காடு என்றால் காய்ந்த ரப்பர் 9.24 கிலோ.

பாட்டிக்குத் தசம எண் தெரியாது. ஆனால் வாளியை இறக்கும்போதே "மூணுல ஒண்ணு, ஒன்பதுக்கு மேல வரணும்" என்று மனசில் போட்டுக்கொள்வார். கிராணி ஏழு என்று எழுதினால் அங்கேயே நின்று கேட்பார். மழை நாளில் பால் தண்ணியாக இருக்கும், குறையும் என்பதும் அவருக்குத் தெரியும்.

இதில் இரண்டு பழக்கம் இருக்கிறது. விடை வருவதற்கு முன்பே ஒரு மதிப்பு மனசில் இருக்கும். விழுக்காடு என்றால் எதில் விழுக்காடு என்ற கேள்வியும் கூடவே இருக்கும். என்னிடம் எக்செல் இருந்தது, இந்த இரண்டும் இல்லை. பாடம் முழுக்க இவ்வளவுதான். இனி செய்முறைக்கு வருவோம்.

தாளைத் தயார் செய்வோம்

எக்செல், கூகுள் ஷீட்ஸ், காசில்லாமல் கிடைக்கும் லிப்ரே ஆஃபிஸ் எதுவானாலும் சரி, கைப்பேசியிலும் செய்யலாம். நெடுவரிசைகளை இங்கே ஏ, பி, சி என்று தமிழில் எழுதுகிறேன், செயற்கூறுகளின் பெயரையும் அப்படியே. தட்டும்போது ஆங்கில எழுத்தைத் தட்டுங்கள். பெருக்கலுக்கு நட்சத்திரக் குறி, வகுத்தலுக்குச் சாய்கோடு. சமக்குறி போட்டுத் தொடங்கினால்தான் அது சூத்திரம்.

பிள்ளையார் சுழி மாதிரி, எந்தத் தாளிலும் முதல் வரியில் கேள்வியை முழு வாக்கியமாக எழுதுங்கள். "நூறு வெள்ளி பில்லில் 30 நிற்க ஆளுக்கு என்ன விலை?" என்று அன்றைக்கு எழுதியிருந்தால் நான் தப்பியிருப்பேன்.

அடுத்து, 'என் மதிப்பீடு' என்று ஒரு நெடுவரிசை, பக்கத்தில் 'தாள் சொன்னது' என்று ஒன்று. மதிப்பீட்டை எழுதாமல் சூத்திரத்தைத் தட்டக்கூடாது. எங்கள் வகுப்பில் இதுதான் சட்டம்.

பாடம் 1: விலை வைப்பது

இரண்டாம் வரியிலிருந்து இப்படிப் போடுங்கள்.

பி2: அடக்கம், 10
பி3: விலையில் நிற்க வேண்டிய பங்கு, 30%
பி4: நான் போட்ட தப்பு விலை, =பி2*(1+பி3)
பி5: சரியான விலை, =பி2/(1-பி3)

பி4 13 என்று காட்டும். பி5 14.29 என்று காட்டும். காரணம் பாட்டி சொன்னதுதான். விலையில் 30 பங்கு நமக்கு என்றால் அடக்கம் 70 பங்கு. 70 பங்கு 10 வெள்ளி என்றால் 100 பங்கு எவ்வளவு? 10ஐ 0.7ஆல் வகுக்க வேண்டும்.

இப்போது சரிபார்ப்பு. பி6இல் =(பி4-பி2)/பி4 என்று தட்டுங்கள், 23.08% வரும். பி7இல் =(பி5-பி2)/பி5 என்று தட்டுங்கள், 30% வரும். கொஞ்சம்தானே வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். 300 பேருக்கு 385.71 வெள்ளி. மூன்று விருந்துக்கு 1,157 வெள்ளிக்கு மேல். அக்கா வாக்கு மாறவில்லை, மூன்றையும் 13 வெள்ளிக்கே செய்து முடித்தார். அந்த 1,157 வெள்ளி என் தாள் அவருக்கு வைத்த செலவு.

பி3இல் மட்டும் எண்ணை மாற்றி மாற்றிப் பாருங்கள். விலையில் 20 விழுக்காடு நிற்க, அடக்கத்தின் மேல் 25 விழுக்காடு ஏற்ற வேண்டும். 25 நிற்க 33.33 ஏற்ற வேண்டும். 30 நிற்க 42.86. 50 நிற்க இரட்டிப்பு, அதாவது 100. இந்த நான்கு ஜோடியையும் மனப்பாடம் செய்யுங்கள், வியாபாரத்தில் வாய்ப்பாடு மாதிரி உதவும்.

ஓர் எண்ணை மாற்றினால் மற்றதெல்லாம் தானே மாறுவதுதான் விரிதாளின் உயிர். அது பிறந்ததே அதற்காகத்தான். ஹார்வர்டில் வணிக நிர்வாகம் படித்த டான் பிரிக்லின் என்ற மாணவர், கரும்பலகையில் ஓர் எண் மாறினால் மற்றதையெல்லாம் அழித்து அழித்து எழுத வேண்டியிருப்பதைப் பார்த்து யோசித்தார். அவரும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் சேர்ந்து உருவாக்கிய விசிகால்க் 1979இல் விற்பனைக்கு வந்தது. எக்செல் வந்தது 1985இல். நம்மைப் போல ஒரு மாணவருக்கு வந்த யோசனை என்பதை நினைத்துப் பாருங்கள்.

பாடம் 2: ஆள் வைப்பது

லோரி வைத்திருக்கும் அண்ணன் செம்பனைக் குலை ஏற்றுபவர். உதவிக்கு ஓர் ஆள் வைக்க நினைத்தார். "1,700 வெள்ளி ஆளு" என்றார். 2025 ஆகஸ்ட்டிலிருந்து எல்லா முதலாளிகளுக்கும் குறைந்தபட்சச் சம்பளம் அதுதான். ஆனால் அவர் கையிலிருந்து போவது 1,700தானா?

மலேசியத் தொழிலாளிக்கு, சம்பளம் 5,000 வெள்ளி வரை இருந்தால், இபிஎஃப்புக்கு முதலாளி 13 விழுக்காடு கட்ட வேண்டும். தொழிலாளியின் 11 விழுக்காடு அவர் சம்பளத்திலிருந்தே போகும். இரண்டும் சம்பளத்தின் மேல்தான், ஆனால் போகிற பாக்கெட் வேறு.

மனசில் முதலில் போடுங்கள். 1,700இல் 10 விழுக்காடு 170. 3 விழுக்காடு 51. மொத்தம் 221. ஆக 1,921 ஆகிவிட்டது, சொக்சோ இன்னும் சேரவில்லை. தாளில் =1700*13% தட்டினால் அதே 221. உண்மையில் கட்டும்போது இபிஎஃப் வெளியிடும் அட்டவணையைப் பார்த்துக் கட்டுங்கள். நம் தாள் முன்கூட்டித் திட்டம் போடத்தான்.

அடுத்து ஓவர்டைம். வேலைச் சட்டப்படி மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்தால் ஒரு நாள் சம்பளம். அதை வழக்கமான வேலை நேரத்தால் வகுத்தால் ஒரு மணிக்கு. சாதாரண வேலை நாளில் அதற்கு மேல் செய்யும் வேலைக்கு அதில் ஒன்றரை மடங்கு.

26ஆல் மனசில் வகுக்க யாருக்கும் பிடிக்காது. 25 என்று வையுங்கள். நூறு வெள்ளிக்கு நாலு 25, அதனால் 17 நாலு 68. 26 கொஞ்சம் பெரியது, ஆக விடை 68க்குச் சற்றுக் கீழே. எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் 8 வெள்ளி சொச்சம், ஒன்றரை மடங்கு 12 வெள்ளி சொச்சம். இப்போது தாளில் =1700/26/8*1.5 தட்டுங்கள். 12.26 வரும். நிம்மதியாக நம்பலாம். 126 என்றோ 1.23 என்றோ வந்திருந்தால் எங்கோ விரல் தவறியிருக்கிறது என்று உடனே தெரிந்திருக்கும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. திரையில் தெரிவது 12.26, உள்ளே இருப்பது 12.2596... கையால் செய்கிறவர் ஒரு மணிச் சம்பளத்தை 8.17 என்று வெட்டிவிட்டுப் பெருக்கினால் 12.255. 20 பேருக்கு ஆளுக்கு 40 மணி ஓவர்டைம் என்றால் 3 வெள்ளி 69 காசு இடிக்கும். சம்பள நாளில் அந்த மூன்று வெள்ளிக்காக அரை நாள் தேடுவார்கள். வழி எளிது. நடுவில் வெட்டாதீர்கள், கடைசி விடையில் மட்டும் ரவுண்ட் செயற்கூறைப் போடுங்கள்: =ரவுண்ட்(1700/26/8*1.5,2).

பாடம் 3: கடன் வாங்குவது

அக்கா சொந்தமாக ஒரு பழைய வேன் பார்த்தார். தேவை 10,000 வெள்ளி, ஐந்து வருடத் தவணை. ஓர் இடத்தில் 4 விழுக்காடு என்றார்கள். இன்னோர் இடத்தில் 6 விழுக்காடு. "நாலுதானே கம்மி?" என்றார் அக்கா. உடனே அவரே சிரித்தார். "இரு இரு. எதுல நாலு?"

அதுதான் கேள்வி! முதல் இடத்தில் நிலை வட்டி. நீங்கள் எவ்வளவு திருப்பிக் கட்டியிருந்தாலும், ஐந்து வருடமும் முழு 10,000க்கே வட்டி. வருடம் 400, ஐந்து வருடம் 2,000. மொத்தம் 12,000, மாதம் 200 வெள்ளி. இரண்டாவது இடத்தில் குறைந்துகொண்டே வரும் நிலுவைக்கு மட்டும் வட்டி.

மனசில் போடுங்கள். தவணை கட்டக் கட்ட நிலுவை 10,000இலிருந்து பூச்சியத்துக்கு இறங்குகிறது. சராசரியாகப் பாதி, ஏறக்குறைய 5,000தான் உங்கள் கையில் இருக்கிறது. அதற்கு வருடம் 400 கட்டினால் 8 விழுக்காட்டுக்குக் கிட்ட! இப்போது தாளில் =ரேட்(60,-200,10000)*12 தட்டுங்கள். 7.42% வரும். இரண்டாவது கடனுக்கு =பிஎம்டி(6%/12,60,-10000) தட்டுங்கள். மாதம் 193.33 வெள்ளி, மொத்தம் ஏறத்தாழ 11,600.

ஆக அந்த 'நாலு', இந்த 'ஆறை'விட 400 வெள்ளி அதிகம். யாரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் முழுத்தொகையில் சொன்னார், ஒருவர் நிலுவையில் சொன்னார். கேட்கிறவருக்குத்தான் வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

தாளையும் சந்தேகப்படுங்கள்

சூத்திரம் சரியாக இருந்தும், எந்தக் கட்டங்களைச் சேர்த்தோம் என்பதில் தப்பு வரலாம். 2010இல் பொருளியல் அறிஞர்கள் கார்மன் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் நாட்டுக் கடனையும் வளர்ச்சியையும் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். பல நாட்டு அரசியல்வாதிகள் அதை மேற்கோள் காட்டினார்கள். 2013இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டன் வகுப்புப் பயிற்சிக்காக அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தபோது விடை ஒத்துவரவில்லை. அவர்களின் எக்செல் தாளை வாங்கிப் பார்த்தார். சராசரி எடுக்கும் சூத்திரம் சில வரிகளுக்கு முன்பே நின்றுவிட்டது, ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. கண்டெடுக்கப்பட்ட குறைகளில் இது ஒன்றுதான், ஆனால் அந்த எக்செல் தவற்றை அவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

பெரிய அறிஞர்களுக்கே இது நடந்தால் நமக்கு நடக்காதா? திருவிழாக் கணக்கில் கடைசியாக வந்த இரண்டு நன்கொடையை 'சம்' சூத்திரத்துக்குக் கீழே எழுதிவிட்டு, காசு இடிக்கிறதே என்று பொருளாளரைச் சந்தேகப்பட்ட கோயில் கூட்டங்களை நான் பார்த்திருக்கிறேன். மனுஷன் மேல் பழி வருவதற்கு முன், சூத்திரம் எந்த வரியில் முடிகிறது என்று பாருங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அளந்ததையும் ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது.

நாங்கள் எப்படிப் படிக்கிறோம்

ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்பு முடிந்ததும் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் ஆறு பேர் உட்காருகிறோம். மடிக்கணினி ஒன்றுதான், மற்றவர்கள் கைப்பேசியில். ஆளுக்கொரு சொந்தக் கணக்கு கொண்டுவர வேண்டும், அந்த வாரத்து உண்மையான பில். அரை மணி நேரம், மூன்று கணக்கு, அதற்கு மேல் இல்லை.

மதிப்பீட்டுக்கும் விடைக்கும் உள்ள இடைவெளியை மூன்றாவது நெடுவரிசையில் விழுக்காடாகப் போடுகிறோம். லோரி அண்ணன் முதல் வாரம் டீசல் செலவைப் பாதிக்குப் பாதி தப்பாக மதிப்பிட்டார். இப்போது பத்து விழுக்காட்டுக்குள் வந்துவிடுகிறார். யாரும் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை. பள்ளியில் கணக்குக்கு அடி வாங்கியவர்கள் அங்கே அதிகம். அந்தப் பயம் போனால்தான் எண் கையில் வரும்.

போன மாதம் அக்காவிடம் ஒருவர் விருந்து பேச வந்தார். நானும் அங்கே இருந்தேன். அடக்கம் அதே 10 வெள்ளி, அக்கா சொன்ன விலை 14.50. வந்தவர், "பத்து பெர்சன்ட்தானே, குறைச்சுக்குங்க" என்றார். அக்கா மடிக்கணினிப் பக்கம் திரும்பவே இல்லை.

"பத்து பெர்சன்ட் உங்களுக்குண்ணே. எனக்கு நிக்கிறது நாலரை வெள்ளி. அதுல ஒண்ணரை வெள்ளிகிட்ட போயிடும், மூணுல ஒரு பங்கு. பாயாசம் வேணாம்னா சொல்லுங்க, விலையைக் குறைச்சுப் பேசலாம்."

அவர் பாயாசத்தோடு 14.50க்கே ஒத்துக்கொண்டார். அவர் போன பிறகு அக்கா தாளைத் திறந்து சரிபார்த்தார். விலை 13.05, நிற்பது 3.05, இழப்பு 32 விழுக்காடு. மனசு சொன்னதும் தாள் சொன்னதும் ஒட்டி நின்றன.

வீட்டுப்பாடம்

மூன்று கணக்கு. ஒவ்வொன்றுக்கும் முதலில் மதிப்பீடு, பிறகு தாள்.

1. செம்பனைக் குலை டன் 800 வெள்ளியிலிருந்து 25 விழுக்காடு இறங்கியது. பழைய விலைக்கு வர எத்தனை விழுக்காடு ஏற வேண்டும்? 25 என்று எழுதினால் பாட்டியிடம் அனுப்பிவைப்பேன்.

2. முறுக்கு டப்பா ஒன்றின் அடக்கம் 9 வெள்ளி. விலையில் 40 விழுக்காடு நிற்க வேண்டும். விலை என்ன? தீபாவளிக்கு 10 விழுக்காடு தள்ளுபடி கொடுத்தால் விலையில் எத்தனை விழுக்காடு நிற்கும்?

3. உங்கள் வீட்டு மோட்டார் சைக்கிள் கடன் தாளை எடுங்கள். வட்டி எதில் என்று அப்பாவோடு உட்கார்ந்து கண்டுபிடியுங்கள். ரேட் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்.

விடையோடு உங்கள் மதிப்பீட்டையும் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். மதிப்பீடு தப்பாக இருந்தாலும் அழிக்காதீர்கள். என்னுடைய 13 வெள்ளித் தாளை நானும் இன்னும் அழிக்கவில்லை, முதல் வகுப்பில் எல்லாருக்கும் அதைத்தான் காட்டுகிறேன்.